விடாமல் அடித்தால் தீ

வீரம்மா மணியை விட்டு விட்டு அடித்தாள். ஓவேலிப் பக்கத்து அந்தத் தேயிலை எஸ்டேட்டில் விட்டு விட்டு அடித்தால் யானை. விடாமல் அடித்தால் தீ. யானை என்றால் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து உள்ளே இரு. தீ என்றால் போட்டது போட்டபடி வெளியே ஓடு. பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட அங்கே இது பாடம். தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான மேல் லயத்தின் ஐந்து கதவுகளும் படபடவென்று சாத்திக்கொண்டன. கடைசிக் கதவு பிரியாவுடையது. வீரம்மாவின் ஒரே மகள், நிறைமாதக்காரி, புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தான்.

மணி என்று பெயர்தானே தவிர, அது மரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. கூடலூரிலிருந்து தீயணைப்பு வண்டி மலையேறி வந்து சாம்பலுக்குத்தான் தண்ணீர் தெளிக்கும் என்பது, ஒரு லயம் முழுசாக எரிந்த பிறகே எல்லோருக்கும் உறைத்தது. தொழிலாளர்கள் தாங்களே ஒரு தீயணைப்புக் குழு அமைத்தார்கள். முதலில் வாங்கியது அந்தத் துண்டைத்தான். களைமருந்து அடிக்கிற முதுகு டேங்கில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு, ஈரச்சாக்கோடு ஓடுவார்கள்.

தீக்கென்று ஆரம்பித்த குழு யானைக்குத்தான் அதிகம் ஓடியது. அப்போது இரண்டுக்கும் ஒரே அடி. வீரம்மாவின் புருஷன் தினகரன் ஒருநாள் தீயென்று நினைத்து, டேங்கை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தான். வாசலில் யானை நின்றது. பிரியா பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம்தான் அடி இரண்டு வகையானது. யானை மணி அடித்துவிட்டால், குழு ஆள் நேரில் வந்து சொல்லாமல் கதவைத் திறக்கக் கூடாது என்ற சட்டமும் வந்தது. ஊருக்குப் புத்தி வர வீரம்மாவின் தாலி போகவேண்டியிருந்தது. அன்றிலிருந்து மணியை வேறு யார் கையிலும் விட அவளுக்கு மனம் வரவில்லை.

இப்போது மணி மரத்துக்கும் லயத்துக்கும் நடுவே, மேலே ஏறும் பாதையில் யானை நின்றது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. குழுத் தலைவன் பொன்னுத்துரை பட்டாசைக் கொளுத்தி வீசினான். யானை காதைக்கூட அசைக்கவில்லை. பட்டாசு அதன் தலைக்கு மேலே பறந்து, லயத்துக்குப் பின்னால் காய்ந்து கிடந்த உண்ணிப் புதரில் போய் விழுந்தது. மார்ச் மாதத்துப் புதர், கேட்கவா வேண்டும்.

"அக்கா, பத்திக்கிச்சு! தீ மணிய அடிங்கக்கா!" பொன்னுத்துரை அலறினான்.

வீரம்மாவின் கை எழவில்லை. முன்னால் போனால் முட்டும், பின்னால் போனால் உதைக்கும் என்பார்கள். அடித்தால் ஐந்து வீட்டு ஜனமும் யானையின் காலடிக்கு ஓடிவரும். அடிக்காவிட்டால் உள்ளேயே வேகும். லயத்துக்குப் பின்வாசல் கிடையாது. அதில் காசு மிச்சம் பிடித்தவன் எவனோ, அவன் குலம் விளங்குமா? பின்சுவர் ஓரம் அடுக்கியிருந்த விறகு படீர் படீரென்று வெடிக்க ஆரம்பித்தது.

அடித்தாள். விடாமல் அடித்தாள்.

ஒரு கதவும் திறக்கவில்லை. யானை மணிக்குப் பிறகு எந்தச் சத்தம் கேட்டாலும் நம்பாதே என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்தவள் அவள்தானே. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

சுத்தியலை எறிந்துவிட்டுத் தேயிலைக்குள் புகுந்து ஓடினாள். "ஐயோ அக்கா, போகாதீங்க!" என்று பொன்னுத்துரை கத்தினான். யானையின் துதிக்கை எட்டும் தூரத்தில்தான் வழி. அது அவளைத் திரும்பிப் பார்த்தது, ஒன்றும் செய்யவில்லை. வந்த வழியே எல்லோரையும் கூட்டிப் போய்விடலாம், அது அப்படியே நின்றால். கூரைத் தகரத்துக்கு மேல் புகை சுருண்டு எழுந்தது.

கடைசிக் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். "பிரியா, அம்மாதான். தொற!"

"ஆனை போயிருச்சாம்மா?"

மற்ற நாலு கதவுக்குப் பின்னாலும் பேச்சு அடங்கியது. எல்லோரும் அவள் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். நிற்கிறது என்று சொன்னால், அப்பனை அந்தக் கோலத்தில் பார்த்த பிள்ளை தாழ்ப்பாளில் கை வைக்கமாட்டாள். இதுவரை குழு ஆள் எவரும் கதவுக்கு வெளியே நின்று பொய் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால், பாதையை விட்டு வாசலுக்கு ஏறி வந்த யானை நீளமாக மூச்சு விட்டது.

"போயிருச்சும்மா. வா."

ஐந்து தாழ்ப்பாள்களும் விலகின.