ஆறு வருடம் நிற்காத சர்வர்

மினசோட்டாவின் வடக்கே, ஏரி உறைந்து கிடந்த ஒரு ஜனவரி காலையில், வெண்டல் ஹால்வர்சன் ஒரு கம்ப்யூட்டருக்காகக் கேக் வெட்டத் தயாரானான். மாவட்ட ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் லினக்ஸ் சர்வர் அது. ஆறு வருடமாக ஒரு நொடிகூட நிற்காமல் ஓடுகிறது. சர்வர் பார்த்துக்கொள்பவர்கள் மத்தியில் இது பெரிய கௌரவம். பெற்ற பிள்ளை பட்டம் வாங்கியதைக்கூட இவ்வளவு சத்தமாகச் சொல்லமாட்டார்கள்.

"ஏம்ப்பா, இத்தனை வருஷமா உன் பக்கத்துல உக்காந்து போன் எடுக்கிறேன். என் பிறந்தநாளுக்கு ஒரு டோனட் வாங்கித் தந்திருப்பியா?" என்றாள் மார்லீன்.

"நீ நடுவுல லீவு போட்டியே, மார்லீன்."

கத்தி கேக்கில் இறங்கியதும் திரைகள் எல்லாம் ஒன்றாகக் கறுத்தன. பிறகு எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், பணம் அனுப்பினால் சாவி தருவோம்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"என் வீட்டுக்காரர் ஏரிப் பனிக்கட்டியில துளை போட்டு மீன் பிடிச்சிட்டிருந்தவர் அப்படியே சாஞ்சிட்டார்! மூச்சு சரியா வரல!"

அழைத்தவள் இருக்குமிடத்தைக் காட்ட வேண்டிய வரைபடம் திரையில் இல்லை. எந்த வண்டி அருகில் என்பதும் தெரியவில்லை.

"அழாதம்மா. கரையில என்ன தெரியுது, சொல்லு," என்றாள் மார்லீன்.

"சிவப்புக் கூரை... படகுக் கொட்டகை!"

மார்லீன் வயர்லெஸ்ஸில் எல்லா வண்டிகளையும் கூப்பிட்டு, சிவப்புக் கூரைக் கொட்டகைக்குப் பக்கத்தில் யார் என்று கத்தினாள். ஒரு வண்டி மட்டும் பதில் சொல்லி விரைந்தது.

"வாராவாரம் பேட்ச் போட்டேனே!" வெண்டல் தலையில் கை வைத்தான். "இவன் நுழைஞ்ச சாஃப்ட்வேர் ஓட்டையை அடைக்கிற பேட்ச் எப்பவோ வந்தாச்சு, போட்டாச்சு!"

"அப்ப எப்படி உள்ள வந்தான்?"

"ரீஸ்டார்ட் பண்ணினாதான்... பேட்ச் வேலை செய்யும்."

"பண்ணலையா?"

அவன் கேக்கைப் பார்த்தான். அதன்மேல் கிரீமில் '6' என்று அழகாக எழுதியிருந்தது.

வயர்லெஸ் கரகரத்தது. "ஆள் கிடைச்சிட்டார். உயிர் இருக்கு. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா கஷ்டம்."

மார்லீன் அப்போதுதான் உட்கார்ந்தாள். "மாத்திரையை வாங்கி வாங்கி அலமாரியில அடுக்கியிருக்கே. ஒண்ணைக்கூட முழுங்கல. பக்கத்து சர்வருக்கு அடுத்த மாசம் அஞ்சு வருஷம்னியே, அதுக்கும் கேக் சொல்லிட்டியா?"

வெண்டல் எழுந்துபோய் அந்தச் சர்வரை ரீஸ்டார்ட் செய்தான். ஐந்து வருடப் பெருமை சத்தமில்லாமல் அணைந்தது.

"நிக்காம ஓடினது என் பெருமைக்குத்தான், மார்லீன்," என்றான். "பேட்ச் போட்டா மட்டும் போதாது, உடனே நிறுத்தி எழுப்பணும். ரெண்டு நிமிஷம் நிறுத்த மனசு வராததால இன்னைக்கு ஒரு மனுஷன் போயிருப்பார்."