பாப்பாயி வேண்டிய காற்று

ஊரே ஆடிக்காற்றைத் திட்டிக்கொண்டிருந்தபோது, இன்னும் அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே பிறவி என் பெண்டாட்டி பாப்பாயிதான். எங்கள் வீட்டுக் கீற்றைக் காற்று பிய்த்துக்கொண்டுபோய் ஓடையில் போட்டது. "கூரை போனா போவட்டும்யா, காத்து நிக்காம இருந்தா சரி" என்றாள். இவளைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு வானத்தைப் பார்த்துப் படுத்தேன்.

எங்கள் சுகன்யா தொண்ணூற்றைந்தில், மூன்று வயதில், காய்ச்சலில் போனாள். சின்னப்பிள்ளை என்பதால் எரிக்கவில்லை. ஓடைக்கரைப் புறம்போக்கில் புதைத்தோம். அடுத்த வருசமே பழுப்பு நிலக்கரி எடுக்க வந்தவர்கள் பக்கத்தில் பெரிய குழி வெட்டி, வெட்டிய மண்ணையெல்லாம் அந்தப் புறம்போக்கில் மலையாகக் கொட்டினார்கள். பிறகு கட்டுப்படியாகவில்லை என்று போய்விட்டார்கள். குழியில் தண்ணீர் நின்றது. எங்கள் பிள்ளைமேல் மண்மேடு நின்றது.

இரண்டாயிரத்து நாலில் காற்றாலைக்காரர்கள் வந்து, மேட்டின் உச்சியில் காற்றை அளக்க ஒரு கம்பம் நட்டார்கள். நான் அதற்கு வாட்ச்மேன். லப்பைக்குடிக்காட்டு கவுஸ் சார் பொறுப்பாளர்.

"வருசம் பூரா காத்து இருந்தா, இந்த மண்ணைத் தள்ளிக் குழியை மூடிடுவோம். பழைய கெட்டித் தரையிலதான் காத்தாடி நிக்கும்" என்று அவர் சொன்னபோது, எனக்குச் சோறு கொண்டுவந்த பாப்பாயி கேட்டுக்கொண்டு நின்றாள்.

பழைய தரை தெரிந்தால் பிள்ளையின் எலும்பை எடுத்து எங்கள் கொல்லையில் வைத்துக்கொள்ளலாம். அவளுக்கு அது போதும். தினமும் வந்து, காற்றின் வேகத்தை அளக்கக் கம்பத்தில் சுற்றும் கிண்ணங்களையே பார்ப்பாள். "உன் கண்ணு பட்டே நின்னுடப் போவுது" என்பேன். செட்டிகுளத்து முருகனுக்கு மொட்டை போடுவதாகவும் வேண்டிக்கொண்டாள். அவள் தலையை அல்ல, என் தலையை.

ஐப்பசியில் கிண்ணங்கள் அசையவில்லை. கார்த்திகையிலும் அப்படியே. மறு வருசம் கவுஸ் சார் கம்பத்தைப் பிரிக்க ஆள் கூட்டிவந்தார்.

"ஆடியில அந்த அடி அடிச்சுதே, போதாதுங்களா சார்?" என்றாள் பாப்பாயி.

"ஆடி மட்டும் அடிச்சா கட்டுப்படியாவாதும்மா" என்றார். பாவம், அவருக்கு எங்கள் விசயம் தெரியாது.

கம்பத்தைப் பிடுங்கிய இடத்தில் இடுப்பளவுக் குழி இருந்தது. பாப்பாயி மடியிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினாள். எலும்பைச் சுற்ற வாங்கி வைத்ததாம். பிரித்தேன். பச்சைப் பாவாடை. செத்துப்போன மூன்று வயதுப் பிள்ளைக்கானது இல்லை. உயிரோடிருந்தால் சுகன்யா இன்று கட்டியிருக்கும் அளவு.

"இதையாவது வச்சு மூடுய்யா" என்றாள்.

மண்வெட்டியோடு குழிக்குள் இறங்கினேன். மூடவில்லை, தோண்டினேன். "செல்லதுரை, விடுங்க" என்று கவுஸ் சார் கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை. கை ஓயும்வரை தோண்டினேன். பாப்பாயி இறங்கிவந்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்யா. அவ இன்னும் ரெண்டு பனை ஆழத்துல கெடக்குறா."

பாவாடையை வைத்து மூடினோம்.