நாற்பத்திரண்டாம் பகுதி

கீழே எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. மௌலா அலி மலையைப் பார்த்து நின்றுகொண்டு, ஒரு கையைப் பூஜை அலமாரியிலும் மறு கையைப் பென்ஷன் புத்தகத்திலும் வைத்துச் சொல்கிறேன். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

என் பெயர் செல்லப்பா. லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் ஸ்டோர்ஸ் கிளார்க். என் பொறுப்பில் இருந்த ஒரு நட்டுகூடக் காணாமல் போனதில்லை. அப்படிப்பட்டவன் ரிட்டயரான பிறகு ஒரு முழு என்ஜினைத் தொலைத்தேன்.

தெலுங்கு பேசும் இந்த ஊரில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு அதில் நான் ஒரு தொடர்கதையைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவேன். எழுதி அனுப்பிப் பயனில்லை. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தமிழ் காதில் ஏறும், கண்ணில் ஏறாது. பள்ளியில் படித்ததெல்லாம் தெலுங்கும் இந்தியும்தான். கதை இவ்வளவுதான்: லாலாகுடாவில் புறப்பட்ட நீராவி என்ஜின் ஒன்று மௌலா அலி ஸ்டேஷனுக்கு வந்து சேரவில்லை. சைக்கிளில் போனால் அரை மணி நேரத் தூரம். நடுவில் எங்கே போனது?

நாற்பத்தொரு வாரம் சொன்னேன். ஹப்சிகுடாவில் ஒரு வீட்டில் இருபதாம் பகுதி முடியட்டும் என்று முகூர்த்தத்தையே தள்ளி வைத்தார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் சலீமுக்குத் தமிழே தெரியாது. சவாரிகள் போனில் போடுவதைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் கதை மனப்பாடம். என்னைக் கண்டால் பிரேக் போட்டு, என்ஜின் கிடைத்ததா என்று கேட்பார்.

"சாச்சா, இஞ்சன் மிலா க்யா?"

"நக்கோ பூச்சோ, மியா."

"கைக்கு?"

'கைக்கு' என்றால் 'ஏன்'. ஏன் கேட்கக் கூடாது என்றால், என்ஜின் எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. முதல் பகுதியில் தொலைப்பது சுலபமாக இருந்தது. நூறு டன் இரும்பைக் கடைசிப் பகுதியில் எங்கேயாவது நிறுத்தியாக வேண்டுமே. நல்ல இடங்களிலெல்லாம் என் கதாநாயகன் ஏற்கெனவே தேடி முடித்திருந்தான். அனுப்பியவன் நான்தான்.

முதலில் தொண்டை கட்டிவிட்டது என்றேன். அடுத்த மாதம், மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கு போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மூன்று நாள் கழித்து அதுவே கொண்டுவந்து கொடுத்தது. பார்த்தால், ஒன்பதாம் பகுதி வரை கேட்டு முடித்திருந்தது. குழுவில் யாரும் இதைச் சந்தேகப்படவில்லை. பத்மஜா மட்டும், 'பாவம், அதுவும் முடிவுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்' என்று குரலில் பதில் போட்டாள்.

"நாற்பத்தொரு வாரம் அளந்தீங்க. இன்னும் ஒரு வாரம் அளந்தா வாய் வலிக்குமா?" என்றாள் என் மனைவி திரிபுரசுந்தரி.

சலீமின் ஆட்டோவைக் கண்டால் மருந்துக் கடைக்குள் நுழைய ஆரம்பித்தேன். தேவையில்லாமல் நான்கு இருமல் மருந்து வாங்கியிருக்கிறேன். கடைசியில் ஒரே போடாகப் போட்டேன். முடிவை எழுதிவிட்டேன், அது காதால் கேட்கிற சமாச்சாரம் இல்லை, கண்ணால் படித்துத்தான் அனுபவிக்க வேண்டும், அச்சில் வரும் என்று அறிவித்தேன். குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் இருவரையும் சேர்த்து நாலே பேர். மற்ற இருவரும் கதை கேட்பதில்லை. ஆகவே தப்பித்தாயிற்று.

ஐந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை பத்மஜா வீட்டுக்கு வந்தாள். என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் ஜெயராமின் மகள் அவள். லாலாகுடா குவார்ட்டர்ஸில் பிறந்தவள், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஜெயராம் போய் இரண்டு வருஷமாகிறது. உட்காருவதற்கு முன்பே பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

முதல் பக்கத்தில் அ. மூன்று பக்கம் அ மட்டும். பிறகு ஆ. பாதி நோட்டுக்கு வந்தபோது சொற்கள் ஆரம்பித்திருந்தன. கரி, கொடி, சிக்னல், என்ஜின். எல்லாம் என் கதையின் சொற்கள்.

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"யாரும் இல்ல அங்கிள். போன்ல பார்த்துப் பார்த்து பஸ்ல எழுதினேன். அதான் கோணல் கோணலா இருக்கு. நீங்க படிக்கணும்னு சொன்னீங்க கதா?"

"சொன்னேன்." அவள் வாயில் வரும் 'கதா' தெலுங்கு; 'இல்லையா' என்று அர்த்தம்.

"கடைசிப் பார்ட் ரெடி கதா?"

"ஹவ்" என்றேன். தமிழில் ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"புக்குல எழுத்து சின்னதா இருந்தா எனக்கு வராது. இந்த நோட்டுலயே பெருசா எழுதிக் குடுங்க. தலைப்பு நானே போட்டு வெச்சிருக்கேன்." பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா டைரி பதினேழு இருக்கு அங்கிள். வீட்ல யாருக்கும் படிக்க வராது. நேரா அதை எடுத்தா தப்பா படிச்சிருவேனோன்னு பயம். உங்க கதைல இருக்கறவங்க எல்லாம் எனக்குத் தெரிஞ்சவங்க. முதல்ல அதைப் படிச்சுட்டு, அப்புறம் அப்பா."

நான் மின்விசிறியைப் பார்த்தேன். திரிபுரசுந்தரி என்னைத் திட்டியிருக்கலாம். காபி டம்ளர்களை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று பிற்பகலே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வாரத்தில் இருபத்திரண்டு பக்கம், கட்டைவிரல் அகலத்துக்கு ஒவ்வொரு எழுத்தும். எழுதும்போது ஜன்னல் வழியே கரிப்புகை வந்து கொடியில் காய்ந்த வேட்டி கறுத்துப்போனது. அடுத்த ஞாயிறு பத்து மணிக்குப் பத்மஜா வந்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள். இரண்டரை மணி நேரம் ஆனது. சலீம் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். மதில்மேல் அந்தக் குரங்கும் இருந்தது.

"மிலா?" என்றார் சலீம்.

"மிலா" என்றாள் பத்மஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. என்னைப் பார்த்து, "இதுக்கா அங்கிள் இவ்வளவு நாள்?" என்று மட்டும் கேட்டாள். கோபமே இல்லை. நோட்டை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு, அப்பாவின் முதல் டைரியைப் பிரிக்க வீட்டுக்குப் போனாள்.

என்ஜின் எங்கேதான் இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். அது அவளுக்காக எழுதியது. அதை இங்கே சொல்வது மரியாதையாகாது.

பத்மஜாவின் நோட்டு, அவள் கொடுத்துவிட்டுப் போன நாளிலிருந்து என் மேசைமேல்தான் இருக்கிறது. 'நாற்பத்திரண்டாம் பகுதி' என்று அவள் கோணலாக எழுதிய தலைப்புக்குக் கீழே இன்னும் எதுவும் எழுதப்படவில்லை.