பாஸில் இருந்த பெயர்

நாக்பூரிலிருந்து மகள் எழுதிய கடிதத்துக்குப் பஞ்சவர்ணம் இன்னும் பதில் போடவில்லை. வருகிறேன் என்று எழுத வழியில்லை. வரவில்லை என்று எழுதக் கை வரவில்லை.

வசந்தகுமாரிக்கு இது எட்டாம் மாதம். போன வருஷம் ஒன்று கலைந்துபோனது. அதனால் ரயிலில் அவ்வளவு தூரம் போகக் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற பேச்சு அதோடு முடிந்தது. மருமகனுக்குத் தாய் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் பேசுவது வசந்தாவுக்குப் பாதிதான் புரியும். நீ வந்தால் போதும் அம்மா, எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று எழுதியிருந்தாள்.

கொண்டுபோகவும் எதுவும் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் பஞ்சவர்ணம் வேலை பார்த்த ஸ்க்ரூ கம்பெனி தீபாவளிக்குப் பூட்டியதுதான், பொங்கல் வந்தும் திறக்கவில்லை. கம்மல் வசந்தாவின் கல்யாணத்தோடு போயிற்று. ரிசர்வேஷன் இல்லாமல் கதவோரம் உட்கார்ந்து போவதற்கும் டிக்கெட் வேண்டும். தெருவில் கை நீட்டக்கூடிய வீடுகளில் எல்லாம் அரிசிக்கே நீட்டியாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் தங்கை பேபி வந்தாள்.

பேபியின் வீடு திருமுல்லைவாயலில். புருஷன் கஜபதிக்கு ஆவடி ரயில்வே ஷெட்டில் வேலை. டெல்லியில் அவன் அண்ணன் மகனுக்குக் கல்யாணம். புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் ரயில்வேயின் இலவச பாஸ் வாங்கி, பெர்த்தும் போட்டாகிவிட்டது. அதற்குள் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். அவரைத் தூக்கி எடுக்க பேபி இருந்தாக வேண்டும். கல்யாணத்துக்கு கஜபதி போயாக வேண்டும்.

"என் எடம் சும்மா போவுதுக்கா. நீ போ" என்றாள் பேபி. "நடுவுல நாக்பூர்ல எறங்கிக்கோ. அவரு பாட்டுக்கு டெல்லிக்குப் போவாரு. திரும்பி வர்றத மருமவன் பாத்துக்குவாரு."

"பாஸ்ல உன் பேரு இல்ல கீது?"

"பேருதான கீது. படமா ஒட்டிவெச்சிகீறான்?"

பஞ்சவர்ணத்துக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் தங்கையின் முகத்தை விட்டுவிட்டு அடுப்பைப் பார்த்தாள்.

"தங்கச்சி புருஷனுக்குப் பொண்டாட்டின்னு சொல்லிக்கினு போவணுமா?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். கம்முனு உக்காந்துகினு இரு. கேட்டா அவரு சொல்லிப்பாரு."

"அவரு இன்னா சொன்னாரு?"

"அக்கா ஒத்துக்கமாட்டாங்கன்னாரு. நான்தான் கேட்டுப் பாக்கறேன்னு வந்தேன்." பேபி அவள் தோளை இடித்தாள். "இன்னாக்கா, என் புருஷன இட்டுக்கினு ஓடிடவா போற? இட்டுக்கினு போயேன். நானும் கொஞ்ச நாள் நிம்மதியா தூங்குவேன்."

சிரிக்க வேண்டிய இடம். பஞ்சவர்ணம் சிரிக்கவில்லை.

பேபி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கடைசியாகத்தான் அதைச் சொன்னாள். "ஒரு பொட்டு மட்டும் வெச்சுக்கணும்க்கா. காலி நெத்தியோட அவரு பக்கத்துல உக்காந்தா எவன் நம்புவான்?"

பஞ்சவர்ணத்தின் புருஷன் ஜம்புலிங்கம் செத்து ஆறு வருஷம் ஆகிறது. தெருப் பெண்கள் சுற்றி நின்று அழித்த நெற்றி. அன்றிலிருந்து விபூதியோடு சரி. கல்யாண வீடுகளில் யாராவது குங்குமச் சிமிழை நீட்டிக்கொண்டு வந்தால், அவர்கள் கையைப் பின்னுக்கு இழுக்கும் முன்பே அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவாள். யாருக்கும் சங்கடம் வைத்ததில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு.

முடியாது என்று சொல்லத்தான் மறுநாள் திருமுல்லைவாயலுக்குப் போனாள்.

கஜபதி வீட்டில் இருந்தான். அவளைக் கண்டதும் லுங்கியை இறக்கிவிட்டு எழுந்து நின்றான். "வாங்கக்கா" என்றதோடு சுவரைப் பார்த்தான். அவன் எப்போதும் அப்படித்தான். மூத்தவள் முன்னால் உட்காரமாட்டான்.

"ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்க்கா" என்றான். "பாப்பாவுக்கு எடுத்துச் சொல்லி எழுதிடலாம்."

பாப்பா என்று அவன் சொன்னது வசந்தாவை. எடுத்துச் சொல்லி என்ன எழுதுவது? வலி கண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது அவள் அம்மா என்று கத்தினால், அந்த ஊர் ஆயாவுக்கு அது கத்தலாகத்தான் கேட்கும். பஞ்சவர்ணம் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

"வசந்தாவுக்குத் தெரிய வேணாம்" என்றாள்.

"எப்டித் தெரியும்? எறங்குறதுக்கு மின்னாடி தொடச்சுடு. டிக்கெட்டு எடுத்துக்கினு வந்தேன்னு சொல்லு" என்றாள் பேபி. பிறகு அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "தே, திரும்பி நில்லு. பேரு சொல்லிக் கூப்புடுவேன், திரும்பிப் பாக்கணும்."

பஞ்சவர்ணம் சுவரைப் பார்த்து நின்றாள்.

"பேபி."

அசையவில்லை.

"பேபி, ஒன்னத்தான்."

பஞ்சவர்ணத்துக்குத் தன்னை என்று தோன்றவே இல்லை. கட்டிலில் கிடந்த கிழவர், விஷயம் எதுவும் தெரியாமல், "கூப்புடுறது காதுல வியலயாடி?" என்று அதட்டினார். பேபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கஜபதி வெளியே போய் நின்றுகொண்டான்.

வருகிற நாளையும் வண்டியையும் மட்டும் மகளுக்கு எழுதிப் போட்டாள். கிளம்புகிற நாள் அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு வெறும் நெற்றியோடுதான் போனாள். பையில் துணிக்கு நடுவே, காகிதத்தில் மடித்த குங்குமம். தெருக்கார கெங்கம்மாள் பிளாட்பாரத்தில் கீரைக்கட்டோடு நின்றிருந்தாள்.

"எங்க மூட்ட முடிச்சோட?"

"பொண்ணு ஊட்டுக்கு."

"நாக்பூருக்கா? பரவால்லையே. யாரு குட்த்தது டிக்கெட்டுக்கு?"

"மருமவன் அனுப்பிச்சாரு."

"குட்த்து வெச்சவ" என்றாள் கெங்கம்மாள். மின்சார வண்டி வரும்வரை பஞ்சவர்ணம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சென்ட்ரலில் பெண்கள் தங்கும் அறையில் ஒரு கண்ணாடி இருந்தது. பாதரசம் உரிந்த கண்ணாடி. இப்போதுகூடத் திரும்பிவிடலாம். வெளியே கஜபதி நிற்கிறான், முடியவில்லை தம்பி என்றால் தலையாட்டிவிட்டுப் போவான். ஒன்றும் கேட்கமாட்டான். அவள் காகிதத்தைப் பிரித்தாள். மோதிர விரலால் தொட்டு, நெற்றியில் அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினாள். கோணலாகும் என்று நினைத்திருந்தாள். வட்டம் சரியாக வந்தது. கை எதையும் மறந்திருக்கவில்லை.

கஜபதி பார்த்தான். உடனே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

எதிர் சீட்டில் பார்வதம் என்ற அம்மாள் இருந்தாள். மாங்காட்டுக்காரி. டெல்லியில் இருக்கும் மாப்பிள்ளையிடம் புதிதாகக் கல்யாணமான மகளைக் கொண்டுபோய் விடுகிறாள். தாலிக்கயிறு மஞ்சள் மாறாத பெண். கூடூர் தாண்டியதும் பரிசோதகர் வந்தார். பாஸை வாங்கித் தன் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார்.

"பேபி யாரு?"

பஞ்சவர்ணம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேபி" என்றான் கஜபதி, அவள் முழங்கை அருகே சீட்டைத் தட்டி. "என் சம்சாரம் சார்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பாஸில் இருந்த வயதைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை நெற்றியில் வந்து நின்றது. கோடு கிழித்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

பார்வதம் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள். "வயசுக்கு மீறி ஒழைச்சிருக்கீங்க போல" என்றாள்.

"ஊட்டுல எல்லாம் அவதான்" என்றான் கஜபதி.

அவ. பஞ்சவர்ணத்துக்குக் காது சுட்டது. பேபியைத்தான் சொல்கிறான். பொய்கூட இல்லை. ஆனால் ஒரு ஆண்பிள்ளை நாலு பேர் முன்னால் தன்னைக் காட்டி அப்படிச் சொல்லி எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்தாள். நினைத்ததற்காகப் புடவையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அதன்பிறகு கஜபதிக்கும் வேறு வழியில்லை. பார்வதம் பக்கத்திலேயே இருந்தாள். "பேபி, டீ வேணுமா?" என்றான். "பேபி, கால நீட்டிக்கோ, நான் மேல போறேன்" என்றான். முதலில் ஒவ்வொரு தடவையும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான். விஜயவாடாவுக்குப் பிறகு செருமல் நின்றது. அவள் நன்றாகத் தூங்கினாள். அப்படித் தூங்கியதை எழுந்ததும் உணர்ந்து வெட்கப்பட்டாள்.

காலையில் முகம் கழுவினாள். பொட்டு பாதி கரைந்துவிட்டது. பரிசோதகர் பார்த்தாகிவிட்டது, இனி யாரும் கேட்கப்போவதில்லை. பார்வதம் கேட்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காகிதத்தைப் பிரித்து மறுபடி வைத்தாள். போன தடவையைவிடக் கொஞ்சம் பெரிதாக.

அன்று வெள்ளிக்கிழமை. பார்வதம் ஒரு சிமிழைத் திறந்தாள். "மாங்காட்டு அம்மன் குங்குமம். எடுத்துக்கோங்க" என்றாள். பஞ்சவர்ணத்தின் கால்கள் எழுந்து போகத் தயாராயின. போவதற்குப் பின்கட்டு இல்லை. ஒரு பொட்டளவு தொட்டுக்கொண்டாள்.

"அப்படியே இவளுக்கும் வெச்சு விடுங்க" என்று மகளை முன்னால் தள்ளினாள் பார்வதம். "முத தடவையா குடித்தனம் போறா. சுமங்கலி கையால வெச்சா நல்லது."

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினாள். மூக்குத்தி புதிது. பஞ்சவர்ணம் கஜபதியைப் பார்த்தாள். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான். உண்மையைச் சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் அவன் வேலை என்னாகும் என்று தெரியாது. அவள் விரலைச் சிமிழில் வைத்தாள். அந்தப் பெண்ணின் வகிட்டிலும் நெற்றியிலும் வைத்தாள். தாயே, இது என்னோடு போகட்டும், இவளைத் தொட வேண்டாம் என்று வாய்க்குள் சொன்னாள்.

"நல்லாயிருன்னு சொல்லுங்க" என்றாள் பார்வதம்.

"நல்லாயிரும்மா" என்றாள்.

பிறகு அவள் எதுவும் சாப்பிடவில்லை. பல்லார்ஷாவில் கஜபதி அவள் கூஜாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். அடுத்த ஸ்டேஷனில் துடைத்துவிட வேண்டும் என்று முந்தானை நுனியை நனைத்து வைத்துக்கொண்டாள். அடுத்த ஸ்டேஷன் வந்தது. பார்வதம் பேசிக்கொண்டிருந்தாள். அதற்கடுத்ததும் வந்தது. பார்வதம் தூங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் ஒன்று போகட்டும் என்று பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தடுக்க அப்போது யாரும் இல்லை. முந்தானை காய்ந்துவிட்டது.

நாக்பூரில் வண்டி சட்டென்று நின்றதுபோல் இருந்தது. கூட்டம் ஏறியது. கஜபதி பெட்டியை வாங்கி முதலில் இறங்கினான். அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, யார் யாரையோ இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். மருமகன் மட்டும்தான் வருவார் என்று நினைத்திருந்தாள். வசந்தாவும் வந்திருந்தாள். வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, தூணில் சாய்ந்து நின்றிருந்தாள்.

வசந்தாவின் முகம் மலர்ந்தது. பாதியில் நின்றது.

முதலில் அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்ற சித்தப்பாவைப் பார்த்தாள். மறுபடி நெற்றியை.

மருமகன் குனிந்து பெட்டியின் பிடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் சரிபார்த்தார்.

"எப்டி கீறம்மா பாப்பா" என்றான் கஜபதி. பதிலுக்குக் காத்திராமல், வண்டி கிளம்பிடும் என்று ஏறிக்கொண்டான்.

"பாஸுக்காகம்மா" என்றாள் பஞ்சவர்ணம். "சித்தி பாஸு. பொட்டு இல்லாம வந்தா கேப்பாங்கன்னு. எறங்குறப்ப தொடச்சுடலாம்னுதான்…"

"டிக்கெட்டுக்குக் காசு இல்லன்னு ஒத்த வார்த்த எழுதியிருந்தா இவரு எப்டியாச்சும் டிக்கெட்டு எடுத்து அனுப்பியிருப்பாரு இல்ல?" என்றாள் வசந்தா, தாழ்ந்த குரலில். "எதுக்கும்மா இப்டி?"

பஞ்சவர்ணத்துக்கு அது தோன்றாமல் இல்லை. மருமகனிடம் கேட்பது கேவலம் என்று ஆதியிலேயே ஒதுக்கிவிட்டிருந்தாள்.

வசந்தா தன் முந்தானையை எச்சிலில் நனைத்து அம்மாவின் நெற்றியைத் துடைத்தாள். குழந்தைக்குத் துடைப்பதுபோல் தாடையைப் பிடித்துக்கொண்டு துடைத்தாள்.

"போச்சா?"

"செவப்பு கீது. ஊட்டுல போயி கழுவிக்கலாம், வா."

வண்டி ஊதியது. மூவரும் படிக்கட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். பஞ்சவர்ணம் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். எல்லாம் முடிந்துவிட்டது, இனி கழுவினால் போதும் என்று இருந்தது.

நகரும் வண்டியின் வாசலில் நின்று கஜபதி கூஜாவைத் தூக்கிக் காட்டினான். அவசரத்தில் கத்தினான்.

"பேபி, கூஜாவ வுட்டுட்டியே."

ஒரு தடவைதான் கத்தினான். பஞ்சவர்ணம் திரும்பினாள்.

வசந்தா பார்த்துக்கொண்டிருந்தாள்.