மூன்றாவது பொட்டு

விமானத்தை எடுப்பதற்கு முன்னர் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். இராகுலனுக்குப் பறப்பதைவிட அந்த நடைதான் பிடிக்கும் என்று அவன் மனைவி பிரதீபா சொல்லிச் சிரிப்பாள். 1996ஆம் ஆண்டு மே மாதத்துச் சனிக்கிழமைக் காலை, ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு சின்ன ஊரின் நகரசபை நடத்திய விமானத்தளத்தில், பிரதீபாவின் தமையன் அன்புராசாவை அழைத்துக்கொண்டு அவன் அந்த நடையைத் தொடங்கினான். ஒரேயொரு ஓடுபாதை. காற்று எந்தப் பக்கம் என்று காட்ட ஒரு செம்மஞ்சள் துணிக்குழாய். கோப்பி விற்கும் கொட்டில் ஒன்று. புல்லில் கயிற்றால் கட்டிய சின்ன விமானங்கள். அவற்றுள் ஒரு பழைய செஸ்னாவில் மூன்றிலொரு பங்கு இராகுலனுடையது.

“உதென்ன ஓட்டை? ஆணி கழண்டு விழுந்திட்டுதோ?” என்றான் அன்புராசா.

இடப்பக்கக் கதவுக்கு முன்னால், காசளவில் ஒரு வட்டத் தகடு. அதன் நடுவில் ஊசி நுழையுமளவு துளை.

இராகுலனின் முகம் மலர்ந்தது. “இதுதான் மச்சான் விசயம். வெளிக்காத்து எவ்வளவு அமத்துது எண்டு இந்த ஓட்டையாலதான் பிளேனுக்குத் தெரியும். மேல போகப்போகக் காத்து லேசாகும். அதை வைச்சு ஒரு மீற்றர் உயரம் காட்டும். இன்னொண்டு ஏறுறமோ இறங்குறமோ எண்டு காட்டும். செட்டைக்குக் கீழ ஒரு குழாய் இருக்கல்லோ, அதுக்குள்ள எதிர்க்காத்து வந்து மோதும். அந்த அமத்தலில இருந்து இந்த ஓட்டையின்ர அமத்தலைக் கழிச்சா, வேகம்.”

“என்ர ராக்சி மீற்றருக்கு உந்தக் கரைச்சலொண்டும் இல்லை. ஆள் ஏறினா ஓடும்.”

எண்ணெய், சில்லு, செட்டையின் மூட்டுகள், பெற்றோலின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்பது எல்லாம் பார்த்து முடிந்தது. அப்போதுதான் காருக்குள் இருந்த பேபி மாமி தட்டத்துடன் இறங்கினார். அன்புராசாவின் தாய். குடும்பத்தில் யார் கார் வாங்கினாலும் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்விப்பது அவர்தான். விமானத்தைக் கோயில் வாசலுக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் பூசையைத் தானே கொண்டுவந்திருந்தார்.

“அம்மா, இது குண்டு போடுற பிளேனில்லை. கிட்டப் போகலாம்,” என்று அன்புராசா சீண்டினான்.

“வாயை மூடடா. நீ பங்கருக்குள்ள என்ர சீலைக்குள்ள ஒளிஞ்சதை நான் சொல்லட்டோ?”

மாமி மூன்று சில்லுக்கும் மூன்று தேசிக்காய் வைத்தார். கற்பூரத்தை எடுத்தபோது இராகுலன் ஓடிப்போய்த் தடுத்தான். “மாமி, நெருப்பு மட்டும் வேண்டாம். டாங்க் நிறையப் பெற்றோல் நிக்குது.” மாமி மறுபேச்சில்லாமல் கற்பூரத்தைத் திரும்ப வைத்தார். பிறகு சந்தனத்தைத் தடிப்பாகக் குழைத்து மூக்கில் ஒரு பொட்டு, கதவில் ஒரு பொட்டு வைத்தார். மூன்றாவதுக்கு இடம் தேடியவரின் கண்ணில் அந்த வட்டத் தகடு பட்டது. பொட்டுக்கென்றே செய்து பூட்டியதுபோல் இருந்தது. பெருவிரலால் அழுத்திச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்.

இராகுலன் பக்கத்தில் கைகூப்பி நின்றான்.

இராகுலனும் அன்புராசாவும் ஏறினார்கள். தேசிக்காய்கள் நசிந்தன. செஸ்னா ஓடுபாதையில் வேகமெடுத்தது. வேக முள் ஒழுங்காக ஏறியது, அறுபதில் சில்லுகள் நிலத்தை விட்டன. வேலியும் சோளவயலும் கீழே போயின. இராகுலன் முள்ளைப் பார்த்தான். ஐம்பது. நாற்பது.

வேகம் குறைந்தால் செட்டை காற்றைத் தாங்காது, விமானம் கல்லாய் விழும். அதற்கு மருந்து ஒன்றுதான், மூக்கைத் தாழ்த்துவது. தாழ்த்தினான். முள் ஏறியது. அப்பாடா என்று மூக்கை உயர்த்தினான். முள் மறுபடியும் விழுந்தது. திரும்பவும் தாழ்த்தினான்.

“மச்சான்,” என்றான் அன்புராசா, சத்தமே வராத குரலில், “மாட்டுப் பட்டியின்ர கூரை வருது.”

தகரக் கூரையின் துருவும், அதில் உட்கார்ந்திருந்த புறாக்களும் தெரிந்தன. உயர மீற்றரைப் பார்த்தான். விமானம் இன்னும் புல்லில் நிற்பதாகவே அது சொன்னது. ஏறி இறங்குவதைக் காட்டும் முள்ளும் அசையவில்லை.

ஒரு மூச்சு அவனுக்கு எதுவும் புரியவில்லை. அப்போதுதான் கேட்காத ஒரு சத்தம் நினைவுக்கு வந்தது. செட்டையின் முன் விளிம்பில் ஊதி ஒன்று உண்டு. வேகம் உண்மையாகவே குறைந்தால், எந்த மீற்றரையும் கேளாமல் அது தானாக அலறும். இப்போது அது வாயே திறக்கவில்லை. எஞ்சினும் முழுக் குரலில் பாடிக்கொண்டிருந்தது. வேகம் இருக்கிறது. முள்தான் பொய் சொல்கிறது.

மூக்கைத் தூக்கினான். கூரை வயிற்றை உரசுவதுபோல் கடந்தது, புறாக்கள் சிதறின. முள் சுழியத்தில் போய்ப் படுத்தது. அவன் அதைப் பார்க்காமல் அடிவானத்தைப் பார்த்தே ஏறினான்.

மூன்று மீற்றருக்கும் பொதுவானது ஒரேயொரு துளை. மஞ்சள் வட்டமும் சிவப்புப் புள்ளியும் கண்முன் வந்தன. நிலத்துக் காற்று குழாய்க்குள் அடைபட்டுக் கிடக்கிறது. மேலே ஏற ஏற அந்தக் கழித்தல் கணக்குப் பிழைத்து முள் விழுகிறது. நிலத்துக்குக் கிட்டப் போனால் கணக்குச் சரிவந்து முள் எழும்புகிறது. தாழ்த்தியபோது முள் ஏறியது வேகம் வந்ததால் அல்ல, சாவு கிட்ட வந்ததால்.

“சீற்றுக்குக் கீழ ரோர்ச் இருக்கு. எடுத்து இந்தக் கண்ணாடியை உடை.”

“விசரோ உனக்கு? பறக்கிற பிளேனை நான் உடைக்கிறதோ?”

“ஏறுறது இறங்குறது காட்டுற மீற்றர் இது. அதின்ர கண்ணாடி உடைஞ்சா உள்காத்து குழாய்க்குள்ள போகும், மற்ற ரெண்டும் வேலை செய்யும். அடி!”

அன்புராசா அடித்தான். முதல் அடிக்குக் கீறல் விழுந்தது. இரண்டாவதுக்குக் கண்ணாடி மடியில் கொட்டியது. உயர முள் உறக்கம் கலைந்ததுபோல் துள்ளி எழுநூறு அடி கூடியது. வேகம் எழுபத்தைந்து.

தரையிறங்கி, எஞ்சினை நிறுத்திய பிறகும் இருவரும் இறங்கவில்லை. இராகுலனின் கை பிடியிலிருந்து கழன்று வரவில்லை, விரல்களை மற்றக் கையால் பிரிக்க வேண்டியிருந்தது.

மாமி சிரித்துக்கொண்டு வந்தார். “என்ன, போன கையோட வந்திட்டியள்?”

“அம்மா, நீங்கள்...” என்று கத்தத் தொடங்கிய அன்புராசாவின் தோளை இராகுலன் பிடித்தான். இறங்கிப்போய்ப் பொட்டின் முன் நின்று, காலையில் மச்சானுக்குச் சொன்ன அதே விளக்கத்தை மாமிக்கும் சொன்னான். குரல் மட்டும் எங்கோ தூரத்தில் கேட்டது. கூரையையும் சொன்னான். மறைக்க அவனிடம் தெம்பு இருக்கவில்லை.

மாமியின் முகம் வெளிறியது. சீலைத் தலைப்பால் சந்தனத்தைத் துடைக்கக் கை நீண்டது.

“தொடாதேங்கோ மாமி. இன்னும் உள்ளுக்குப் போயிடும். மெக்கானிக் வந்து உள்ளுக்கிருந்து ஊதித்தான் எடுக்கவேணும்.”

நீண்ட கை அந்தரத்தில் நின்றது. மாமி மகனைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், பிறகு மருமகனைப் பார்த்தார்.

“எனக்கு உதொண்டும் தெரியாது, தம்பி,” என்றார் மெல்ல. “நீங்கள் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டுதானே நிண்டனீங்கள்?”

அதில் குற்றச்சாட்டு இருக்கவில்லை. விளங்கிக்கொள்ளத்தான் கேட்டார். நெருப்பைத் தடுக்க ஓடிவந்த தன் கால்கள் இதற்கு ஏன் அசையவில்லை என்று இராகுலன் யோசித்தான். நடை முடிந்துவிட்டது, பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாயிற்று என்று கண் தன் கடையைப் பூட்டிவிட்டிருந்தது.

“ஓம் மாமி,” என்றான். “பாத்துக்கொண்டுதான் நிண்டனான்.”