மிரான் அம்மா

விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் காலையில் ஓக்சிம் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். யேச்சொன் ஊரிலிருந்து பக்கத்துத் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்த யேச்சொன்காரி, எதிர்வீட்டுப் பெரியவர், அரிசி ஆலைக்காரர் பெண்சாதி என்று ஒருவரையும் விடவில்லை. எல்லோரிடமும் ஒரே வேண்டுகோள்தான். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் என்னைய மிரான் அம்மான்னு கூப்புடாதீங்க. தேசொப் அம்மான்னு கூப்புடுங்க."

தலைப்பிள்ளை பிறந்த அன்றோடு ஓக்சிம் என்ற அவளுடைய பெயர் ஊர் வாயிலிருந்து போய்விட்டது. அன்றிலிருந்து அவள் மிரான் அம்மா. எட்டு வருஷம் கழித்துத் தேசொப் பிறந்தபோதும் ஊர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. கணவர் உயிரோடு இருந்தவரை அவரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

"அதுக்கென்ன, வாயில பூட்டுப் போட்டுக்கிறேன்" என்றாள் யேச்சொன்காரி. "நீ ஒண்ணுக்கும் கவலப்படாத, மிரான் அம்மா."

"பாத்தியா!"

யேச்சொன்காரி தன் வாயில் தானே அடித்துக்கொண்டு சிரித்தாள். ஓக்சிமுக்குச் சிரிப்பு வரவில்லை.

மிரானுக்கு வலிப்பு உண்டு. ஒன்பது வயதில் பள்ளிக்கூட மைதானத்தில், மொத்தப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கும்போது முதல் முதலாக விழுந்தாள். இடது புருவத்தைப் பிளந்திருந்த தழும்பு அன்றைக்கு விழுந்தது. வைத்தியம் பார்த்து, மாத்திரை பழகி, கடைசியாக வலிப்பு வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் ஊரைப் பொறுத்தவரை அவள் விழுகிற பெண்தான். அவளைக் கேட்டு வந்த ஒரே வரனும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. தம்பி சியோலுக்குப் போய்ப் படித்து வேலையில் அமர்ந்தான். அக்கா முன்க்யோங் மலைச்சரிவில், ஐந்து ருசியும் சேர்ந்த சிவப்புப் பழம் காய்க்கிற ஓமிஜாக் கொடிகளோடு நின்றுவிட்டாள்.

தேசொப் முதலில் விரும்பிய பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னான். ரத்தத்தில் வருகிற வியாதி, பிறக்கிற பிள்ளைக்கும் வரும் என்று அந்த வீட்டார் கை கழுவிவிட்டார்கள். ஆகவே அடுத்துப் பழகிய ஹாயோங்கிடம் சொல்லவில்லை. அப்பா இல்லை, அம்மா மட்டும்தான் என்று சொல்லி வைத்திருந்தான். சம்பந்திகள் சந்திப்பை சியோலில் ஒரு உணவகத்தில் வைத்து முடித்துவிடலாம் என்று அம்மாவும் மகனும் கணக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் ஹாயோங்கின் அப்பா ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நல்ல மனுஷன். அறுப்புக் காலத்தில் ஒரு விதவையைத் தலைநகரத்துக்கு இழுப்பது பாவம், நாங்களே வருகிறோம், கொடியையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று சொல்லிவிட்டார். நல்லவர்களிடம் மறுத்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று தேசொப்புக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதையெல்லாம் மிரானிடம் எப்படி ஆரம்பிப்பது என்று ஓக்சிம் இரண்டு மூன்று நாளாக வார்த்தையை மென்றுகொண்டிருந்தாள். கடைசியில் பறித்த பழத்தைக் கூடையில் கொட்டும்போது, முகம் பார்க்காமல், "சித்தி வீட்டுக்கு ஒரு நாள் போய்ட்டு வாயேன்" என்றாள்.

"பழம் உதிருது. சித்தி வீட்டுல என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்ல. சும்மாதான்."

மிரான் புரிந்துகொண்டாள். புரிந்துகொள்வதில் அவள் எப்போதும் வேகம். "நான் போய்ட்டா உன் சம்பந்தி வந்து பறிப்பாளா?" என்றாள். பிறகு கொத்தில் ஒட்டியிருந்த இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, "வேணும்னா ஒண்ணு பண்ணு. கூலிக்கு வந்தவன்னு சொல்லிடு. தொப்பியப் போட்டு, முகத்துல துணியக் கட்டிக்கிட்டு, பழம் பறிக்க வந்திருக்கிற லாவோஸ் பொண்ணுங்களோட நின்னா பெத்தவளுக்கே அடையாளம் தெரியாது" என்றாள்.

குத்துவதற்காகத்தான் சொன்னாள். ஓக்சிம் கையிலிருந்த கூடையைத் தரையில் வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"அதுவும் சரிதான்" என்றாள்.

மிரான் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வேறு வரிசைக்குப் போய்விட்டாள். ஆனால் அன்று சாயங்காலம் சமையலறையில் பெரிய கண்ணாடி ஜாடியில் ஓமிஜா குளிர்ந்த நீரில் ஊறிக்கொண்டிருந்தது. யாரும் அவளிடம் கேட்கவில்லை. அந்தப் பழத்தைக் கொதிக்க வைத்தால் கசப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும். பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அது தானாக நிறம் விடும்வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுத்திருப்பது மிரானுக்குக் கைவந்த வேலை.

மறுநாள் முற்பகலில் கார் வந்தது. தலைமையாசிரியர் ஒல்லியாக, வெள்ளைத் தொப்பியோடு இறங்கினார். அவர் மனைவி சே அம்மாள் பருத்த, மென்மையான பெண்மணி. மணிக்கட்டில் சந்தன மணிமாலை. ஹாயோங் இறங்கியதும் இடுப்பை வளைத்துக் கும்பிட்டாள். பேச்சில் நடுக்கம் இருந்தது. நல்ல பிள்ளை என்று ஓக்சிமுக்கு உடனே பட்டது. அப்படிப் பட்டதும் பயம் இன்னும் கொஞ்சம் கூடியது.

கதவுகளை விரியத் திறந்துவிட்டு உள்ளே உட்கார வைத்தாள். வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் ஓமிஜாத் தேநீரை ஊற்றிக் கொடுத்தாள். சன்னமான பேரிக்காய்த் துண்டு ஒன்றும் சில பைன் கொட்டைகளும் மேலே மிதந்தன. மலைச்சரிவு வெயில் கிண்ணத்துக்குள் விழுந்து சிவப்பு பளபளத்தது. தலைமையாசிரியர் ஒரு வாய் குடித்தார், கண்ணை இறுக்கிக்கொண்டார், பிறகு சத்தமாகச் சிரித்தார்.

"அடேயப்பா! புளிப்பு ஓங்கி அறைஞ்சுட்டு, இனிப்பு வந்து தடவிக் கொடுக்குதே!"

"எனக்கு உப்புக் கரிக்குது" என்றாள் சே அம்மாள். "அப்புறம் தொண்டையில லேசா ஒரு காரம்."

"உனக்கு எதுலதான் காரம் இல்ல?"

"நாற்பது வருஷமா உங்களோட குடித்தனம் பண்ணினா வேற என்ன தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். தேசொப்கூடச் சிரித்தான். இரண்டாவது கிண்ணத்தையும் குடித்து முடித்த தலைமையாசிரியர், கொடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகத் தோட்டத்துக்குள் போனார். ஓக்சிம் கூடவே எழுந்தாள். சே அம்மாள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அரைமணி கழித்து அவர் திரும்பினார். பின்னால், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, முகத்துணியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு மிரான் வந்தாள்.

"இந்த அம்மாதான் தேநீர் போட்டாங்களாம். கேட்டா மெதுவாச் சொல்றாங்க. போட்டவங்க வெயில்ல நிக்க, குடிக்கிறவங்க நிழல்ல உட்காரவா? வாம்மா, நீயும் ஒரு கிண்ணம் குடி. சம்பந்தியம்மா, தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க" என்றாள் ஓக்சிம். தன் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அவளுக்குக் கேட்டது.

மிரான் வாசல்படியோரமாக, கூலிக்காரிகள் உட்காருகிற இடத்தில், ஒரு முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். ஹாயோங் தானே எழுந்து ஊற்றி, இரண்டு கைகளாலும் நீட்டினாள். மிரானும் இரண்டு கைகளால் வாங்கிக்கொண்டாள். தேசொப் பாயின் ஓரத்துப் பிரியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"இங்க வேலை எல்லாம் சௌகரியமா இருக்கா?" என்று கேட்டாள் சே அம்மாள்.

"மொதலாளியம்மா நல்லாப் பாத்துக்கிறாங்க" என்றாள் மிரான். ஒரு மிடறு குடித்தாள். "பெத்த பொண்ணு மாதிரி."

ஓக்சிம் தட்டிலிருந்த பேரிக்காயை எடுத்து, ஏற்கெனவே நறுக்கியதை மறுபடி நறுக்கினாள்.

அப்போதுதான் வாசலிலிருந்து அந்தக் குரல் கேட்டது. "மிரான் அம்மோவ்! ரெண்டு பழக்கூட இருந்தாக் குடேன், எங்க வீட்டுல பத்தல!" யேச்சொன்காரி முற்றத்துக்குள் பாதி வந்தபின்தான் காரைப் பார்த்தாள். அப்படியே நின்று, புறங்கையால் வாயை மூடிக்கொண்டு, வந்த வழியே ஓடினாள்.

"யாரைக் கூப்பிடுறாங்க?" என்றாள் சே அம்மாள்.

"என்னத்தாங்க."

"மிரான்ங்கறது…?"

தேசொப்பின் முகம் வெளுத்தது. ஓக்சிம் அந்த முகத்தைப் பார்த்தாள். முதல் பெண் கைவிட்டுப் போன குளிர்காலத்தில், அவன் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது அவள் கண்முன் வந்தது. வாசல்படிப் பக்கம் அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை வேறு வார்த்தை வந்திருக்கும்.

"மூத்தவ. பொண்ணு" என்றாள். "சின்னதுலயே தவறிட்டா."

வெளியே கொடிகளுக்குள் லாவோஸ் பெண்கள் ஏதோ பேசிச் சிரிப்பது கேட்டது. மிரான் கிண்ணத்தை வாயிலிருந்து எடுக்கவில்லை. மெதுவாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"என்ன ஆச்சு?"

"காய்ச்சல்."

சே அம்மாள் தன் பருத்த உடம்பை நகர்த்திக்கொண்டு ஓக்சிம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கும் ஒண்ணு போச்சு" என்றாள். "ஹாயோங்குக்கு முன்னாடி. பேர் வைக்கிறதுக்குள்ள. இவர்கிட்டகூட அதைப் பத்திப் பேசறதில்ல. உங்களையாவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்களே, சம்பந்தியம்மா. அதுக்குக் கொடுத்து வெச்சிருக்கணும்." அவள் அழுதாள். தலைமையாசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓக்சிமும் அழுதாள். பொய்யாக அழவில்லை. அழுகை எங்கிருந்தோ பொத்துக்கொண்டு வந்தது, நிற்கவே இல்லை.

மிரான் கிண்ணத்தைத் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள். "பழம் கெடக்குங்க" என்றாள்.

சே அம்மாள் ஈரமுகத்தோடு நிமிர்ந்தாள். "அந்தப் பொண்ணு இருந்திருந்தா உங்க வயசுதான் இருக்கும், இல்ல? இந்த அம்மாவைக் கொஞ்சம் பார்த்துக்குங்க."

"சரிங்கம்மா" என்றாள் மிரான்.

வசந்த காலத்தில் கல்யாணம் என்று அன்றைக்கே பேசி முடித்தார்கள். சியோல்காரர்கள் போன பிறகு தேசொப் தோட்டத்துக்குள் போய்க் கொடி வரிசையின் முனையில் நின்றான். "அக்கா" என்றான்.

மிரான் திரும்பவில்லை. "செத்தவகிட்ட எல்லாம் பேசப்படாது. புதுமாப்பிள்ளை வேற. போ."

சண்டை போட்டிருந்தால் ஓக்சிம் தாங்கியிருப்பாள். அதற்காகத்தான் பதிலெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாள். தம்பி வாழ்க்கைக்காக, ஒரே ஒரு வார்த்தை, உன் மேல் ஆணையாக மனசாரச் சொல்லவில்லை என்று. கேட்க ஆள் இல்லை. மிரான் தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு முற்றத்துக்கு அந்தப் பக்கம் வேலைக்காரப் பெண்கள் தங்கும் அறைக்குப் போய்விட்டாள். விடிந்ததும் வந்து சமைத்தாள். கொடிக்குப் போனாள். நேரத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டாள். கூப்பிட வேண்டி வந்தால், "மொதலாளியம்மா" என்று கூப்பிட்டாள். முதல் நாள் ஓக்சிம் அதைக் கேட்டுக் கத்தினாள். மறுநாள் கெஞ்சினாள். பிறகு அந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். தெருவில் இப்போது யாருமே அவளை மிரான் அம்மா என்று கூப்பிடுவதில்லை. யேச்சொன்காரி பயந்துபோய் "இந்தாப்பா" என்று பேச ஆரம்பித்தாள்.

அறுப்பு முடிந்து லாவோஸ் பெண்கள் ஊருக்குப் போன பிறகும் மிரான் அந்த அறையிலேயே இருந்தாள்.

ஒரு மத்தியானம் ஓக்சிம் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கையெல்லாம் மாவு. மிரான்தான் எடுத்து, ஒலிபெருக்கியைத் தட்டி மேஜைமேல் வைத்தாள்.

"சம்பந்தியம்மாவா?"

"மொதலாளியம்மா கைவேலையா இருக்காங்க. எங்கிட்டச் சொல்லுங்க."

"அட, தேநீர் போட்ட அம்மாதானே! அந்த ருசி இன்னும் நாக்குலயே இருக்கு" என்றது சே அம்மாளின் குரல். "வேற ஒண்ணுமில்ல. நான் போற கோயில்ல, இறந்தவங்களுக்கு வெள்ளை விளக்கு ஏத்தறாங்க. என் குழந்தைக்கு வருஷா வருஷம் ஏத்துவேன். இந்தத் தடவை பக்கத்துலயே மிரானுக்கும் ஒண்ணு ஏத்தலாம்னு தோணுச்சு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு துணையா இருக்கட்டும். முழுப்பேரும் பிறந்த நாளும் வேணும்."

ஓக்சிமின் கை மாவுக்குள் நின்றது.

"பே மிரான்" என்றாள் மிரான், நிதானமாக. "பொறந்தது பன்னி வருஷம். மூணாம் மாசம், பதினோராம் நாள். விடியக்காலம்."

"எல்லாம் மனப்பாடமா வெச்சிருக்கீங்களே!"

"மொதலாளியம்மா அடிக்கடி சொல்வாங்க."

"பாவம்." மறுமுனையில் எழுதுகிற சத்தம். "இறந்த நாள்?"

மிரான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். விருந்தாளிகள் வந்துபோன நாளுக்குப் பிறகு நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கண்ணில் கோபம் இல்லை. காத்திருந்தாள். ஓக்சிம் மாவிலிருந்து ஒரு கையை உருவினாள். கைப்பேசி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. வாய் திறந்தது. தேசொப், வசந்த காலம், ஏற்பாடு செய்துவிட்ட மண்டபம், அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அழுத அந்தப் பெண்மணி. ஒவ்வொன்றாக வந்து அவள் நாக்கின்மேல் உட்கார்ந்தன. வாய் மூடிக்கொண்டது.

"செப்டம்பர்லங்க" என்றாள் மிரான். "ஓமிஜா பறிக்கிற சமயம்."

சில நாள் கழித்துச் சே அம்மாளிடமிருந்து படம் வந்தது. மிரான் கைப்பேசியை அம்மாவின் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். கண்ணாடி இல்லாமல் ஓக்சிமுக்கு வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. மிரான் இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். கோயில் கூரையின் கீழே வரிசை வரிசையாக வெள்ளைத் தாமரை விளக்குகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு காகிதச் சீட்டு தொங்கியது. பெயரில்லாத ஒரு குழந்தையின் விளக்குக்குப் பக்கத்தில் புத்தம்புதிதாக இன்னொன்று. மற்ற சீட்டுகளெல்லாம் தெளிவாக, அசையாமல் இருந்தன. படம் எடுத்த நேரத்தில் எங்கிருந்தோ காற்று வந்திருக்க வேண்டும். மிரானின் பெயர் எழுதிய அந்த ஒரு சீட்டு மட்டும் பாதி திரும்பி, எழுத்துக் கலங்கி இருந்தது.