சுவருக்குள் ஒரு வரிசை

"ஏம்மா, என் சீட்டு சுவத்துக்குள்ளயா இருக்கு?"

மாமியார் கிண்டல் செய்கிறார் என்றுதான் திருப்புளி முதலில் நினைத்தாள். கையில் திருகு முடுக்கும் அந்தக் கருவி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை, அதனால் வந்த பெயர். ஆறு வருஷம் ஒரு கம்பெனியில் அரங்கங்களுக்கு நாற்காலி மாட்டியவள். போன மாதம் அதை உதறிவிட்டுச் சொந்தமாக எடுத்த முதல் வேலை இந்தப் புது அரங்கம். நல்ல வேலையை விட்டுட்டு வந்து நிக்கிறா என்று மாமியார் முனகாத நாள் கிடையாது. இது நல்லபடியாக முடிந்தால் பள்ளிக்கூட அரங்கமும் உனக்குத்தான் என்று கட்டட வேலை மேனேஜர் சொல்லியிருந்தார். சொதப்பினால் பழைய கம்பெனி வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். T வரிசை. கட்டட வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்கு ஒதுக்கிய கடைசி வரிசை அது. நிமிர்ந்து பார்த்தால், கடைசி வரிசையில் அவள் கையாலேயே மாட்டிய பித்தளைத் தகடு S என்கிறது. அதற்குப் பின்னால் சுவர்.

டிக்கெட் அடித்த அச்சகத்துக்காரருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"வரிசைக்கு I போடறதே இல்லையேம்மா! ஒண்ணாம் நம்பர்னு நினைச்சுடுவாங்க. H முடிஞ்சா நேரா J. நீ மாட்டிட்டியா?"

"மாட்டிட்டேனே! கம்பெனியில எழுத்து மாட்ட வேற ஆளு. நான் நாற்காலியோட சரி."

"அது எப்பவும் வம்பு பிடிச்ச எழுத்தும்மா. ஒரு காலத்துல I, J ரெண்டும் ஒண்ணுதான். I-க்கு அடியில வாலை இழுத்து விட்டாங்க, அது தனிக்குடித்தனம் போயிடுச்சு. எழுத்துலயே கடைசியா வந்து சேந்தது J தான்..."

கதை கேட்கிற நேரமா இது! போனை வைத்தாள். மணி மூன்றரை. திறப்பு விழாவுக்கு நாலு மணிக்குக் கதவைத் திறந்துவிடுவார்கள். I முதல் S வரை பதினோரு வரிசை, வரிசைக்கு ரெண்டு முனை, முனைக்கு நாலு திருகு. எண்பத்தெட்டைக் கழற்றி எண்பத்தெட்டை மாட்டுவதற்குள் விடிந்துவிடும்.

"முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றார் மாமியார்.

"தப்பு பண்ணிட்டேன் அத்தை. இந்த I வரிசைக்கு டிக்கெட்டே அடிக்கல. இருபது நாற்காலியும் காலியா கிடக்கும். உங்க வரிசை ஆளுங்க இருபது பேரும் நிப்பாங்க..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். இங்கே இருபது நாற்காலி, அங்கே இருபது பேர்! எழுத்துத் தகடுகளை முழு செட்டாக வாங்கியிருந்ததால் T ரெண்டும் பெட்டியிலேயே கிடந்தன. எட்டே திருகு. I-ஐக் கழற்றிய இடத்தில் T-ஐ முடுக்கிவிட்டு வியர்வையைத் துடைத்தபோது கதவு திறக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

கூட்டம் வந்தது, உட்கார்ந்தது. கொத்தனார் வீட்டாரும் வெல்டர் வீட்டாரும் அரங்கத்தின் நட்டநடுவில் ஒன்பதாவது வரிசையில் அமர்ந்தார்கள். மேனேஜர் நடைபாதையில் மேற்பார்வை பார்த்துக்கொண்டே வந்தவர், H-ஐயும் T-ஐயும் J-ஐயும் பார்த்து நின்றுவிட்டார். மறைத்து என்ன பயன் என்று திருப்புளி எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

அவர் அரங்கத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"யாராவது நிக்கிறாங்களா?"

"ஒருத்தரும் இல்ல சார்."

"அப்புறம் என்ன? நாளைக்கு வரிசையா மாத்திடு. பள்ளிக்கூடத்துலயாவது I-ஐ மாட்டித் தொலைக்காதே."

அவர் ரெண்டடி போன பிறகுதான் அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்கு உறைத்தது. போன உயிர் திரும்பி வந்தது. மாமியார் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மாமியார் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டு மேடையைப் பார்த்தார். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"நீ அந்தக் கம்பெனியிலயே இருந்திருந்தா," என்றார், "எனக்கு இந்த இடம் கிடைச்சிருக்குமா?"